வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்கு எதில போறது? கொரோனாக் காலத்தை வச்சு ஒரு ஒப்பீடு

தங்கச்சியின்ர மகளுக்குக் கொழும்புக் கோட்டையில வேலை கிடைச்சிருக்கு, வாற மாசம் தொடங்குது. வீட்டில இப்ப ஒரே கதை அவள் எதில போய் வாறது எண்டதுதான். மச்சான் ஸ்கூட்டி ஒண்டு லீசிங்கில எடுத்துக் குடுப்பம் எண்டு நிக்கிறார், பஸ்ஸில சனத்துக்குள்ள நசிஞ்சு வருத்தத்தை வேண்டிக்கொண்டு வந்தா ஆர் பாக்கிறது எண்டு கேக்கிறார். கொரோனாவுக்கு முந்தி எண்டா இந்தக் கேள்வியே வந்திருக்காது, அவரே இருவது வருசம் 101ஆம் நம்பர் பஸ்ஸில தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய் வந்த ஆள். 2020க்குப் பிறகு அந்த மனிசன் ஒருநாள் கூட பஸ் ஏறேல்ல. அவர் மட்டும் இல்லை, எங்கட ஒழுங்கையிலயே அப்பிடி மாறின வீடு நாலைஞ்சு சொல்லுவன்.

நான் அந்த ரெண்டு மூண்டு வருசத்தில அதே வெள்ளவத்தை கோட்டை எட்டு ஒன்பது கிலோமீட்டரை ஐஞ்சு விதமாப் போய்ப் பாத்தனான், சிலது விரும்பி, சிலது வேற வழி இல்லாமல். அதை வச்சுத்தான் மருமகளுக்கும் சொன்னனான், இஞ்சயும் எழுதிறன். திரும்ப இப்பிடி ஏதும் வருத்தம் பரவினாலும் சரி, சாதாரண சளி காய்ச்சல் சீசன் எண்டாலும் சரி, எதில போறது எண்டு யோசிக்கிற ஆக்களுக்குப் பிரயோசனப்படும்.

முதல்ல ஒண்டு சொல்லவேணும். தொடக்கத்தில நாங்கள் எல்லாரும் பயந்தது கம்பிக்கும் காசுக்கும். பஸ்ஸுக்கு மருந்து அடிச்சாங்கள், சீற்றைத் துடைச்சாங்கள், நான் மிச்சக்காசை ஒரு சின்னப் பொலித்தீன் பையில வாங்கிக்கொண்டு வந்து வீட்டில சவுக்காரத் தண்ணியில போட்டனான். பிறகுதான் விளங்கிச்சு இது கூடுதலா காத்தால வாற விசயம் எண்டு. அமெரிக்காவின்ர நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் சீடீசீ 2021 ஏப்ரலில சொல்லிச்சு, வைரஸ் பட்ட ஒரு இடத்தை ஒருக்காத் தொட்டுத் தொத்திற சாத்தியம் பொதுவா பத்தாயிரத்தில ஒண்டுக்கும் குறைவு எண்டு. அப்ப பஸ்ஸோ ஓட்டோவோ எண்டு கேக்கிறதுக்கு முதல் கேக்க வேண்டியது வேற: எத்தினை பேரின்ர மூச்சு, எவ்வளவு நேரம், காத்துப் போக வழி இருக்கா. மூண்டையும் சேத்துப் பாத்தா நாங்கள் நினைச்ச வரிசை அப்பிடியே மாறிப் போகுது.

பஸ்ஸில இருந்து தொடங்கிறன், சனம் கூடப் பயந்தது அதுக்குத்தான்.

2020 மார்ச் 20இல போட்ட ஊரடங்கு கொழும்பில தளர்ந்தது மே 26. எங்கட ஒபிஸ் பத்து மணிக்குத்தான் திறந்தது. நான் அந்தக் கிழமையே காலி றோட்டில பஸ் ஏறினன். சீற்றில இருக்கிற ஆக்களைத்தான் ஏத்தலாம், நிக்க ஏலாது எண்டது சட்டம். எல்லா யன்னலும் திறந்து, எல்லாரும் மாஸ்க்கோட, ஒருத்தரும் கதைக்கேல்ல, கடல் பக்கத்துக் காத்து இந்தப் பக்கத்தால வந்து அந்தப் பக்கத்தால போகுது. இப்ப யோசிச்சுப் பாத்தா நான் அந்த வருசம் இருந்த இடங்களுக்குள்ள ஏசி போட்டுப் பூட்டின என்ர ஒபிஸை விட அந்த பஸ் எவ்வளவோ நல்ல இடம். எங்கட சாதாரண பஸ்ஸுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் கதவு, ஓடேக்க ரெண்டும் திறந்துதான் இருக்கும், வேற நேரம் அது ஆபத்து எண்டு நாங்கள் ஏசிற விசயம், அந்த நேரத்தில அதுதான் ஆக்களைக் காப்பாத்தினது.

ஆனா மழை வந்தா எல்லாம் தலைகீழ். கொழும்பில மே மாசத்தில இருந்து தென்மேல் பருவ மழை, அக்டோபரில பின்னேரம் பின்னேரமா இடி மழை, அந்த அக்டோபரிலதான் ரெண்டாவது அலையும் வந்தது. ஒருநாள் பின்னேரம் கொள்ளுப்பிட்டியில ஏறினன், மழை ஊத்துது, எல்லா ஷட்டரும் இழுத்துப் பூட்டியிருக்கு, சட்டத்தை மறந்து ஆக்கள் நிறைய நிக்கினம், மழையில நிண்டவையை கொண்டக்டராலயும் இறக்கேலாது. யன்னல் கண்ணாடி உள்பக்கம் முழுக்க வேர்த்துப் போய்க் கிடந்தது. எனக்கு முன்சீற்றில இருந்த ஒரு சின்னப் பொடியன் விரலால அதில வீடு கீறிக்கொண்டு இருந்தான், அவன்ர விரல் போன இடத்தால தண்ணி வழிஞ்சு வருது, அது அந்த பஸ்ஸில இருந்த அறுவது எழுவது பேரின்ர மூச்சு. பம்பலப்பிட்டி வரேக்க நான் இறங்கி மழையில நடந்து வீட்டை போனன். அண்டைக்குத்தான் எனக்கு நல்லா விளங்கினது, பஸ் நல்லதோ கூடாதோ எண்டு ஒரு பதில் இல்லை, யன்னல் திறந்த பஸ் ஒண்டு, யன்னல் பூட்டின பஸ் வேற ஒண்டு. ஏசி பஸ்ஸும் இந்த ரெண்டாவது ரகம்தான், காசு கூடக் குடுத்து ஏறிறதால சுத்தமான காத்து எண்டு ஒரு எண்ணம் வரும், ஆனா அதுக்குள்ள திருப்பித் திருப்பிச் சுத்திறது கூடுதலா உள்ளுக்க இருக்கிற காத்துதான்.

ட்ரெயின் எனக்குத் தனிப்பட்ட முறையில விருப்பம். வெள்ளவத்தை ஸ்டேசனில ஏறினா பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, பிறகு செக்ரெட்டேரியட், கோட்டை. ட்ரஃபிக் இல்லை, கடலோரம், அதால நேரம் குறைவு. மூச்சுக் கணக்கில நேரம் பெரிய விசயம், பஸ்ஸில சில நாள் ஒரு மணித்தியாலம் காலி றோட்டில இழுபடுறதும் ட்ரெயினில இருவது இருவத்தைஞ்சு நிமிசம் நிக்கிறதும் ஒண்டில்லை. ஆனா காலமை பாணந்துறை, மொறட்டுவ பக்கத்தில இருந்து வாற ட்ரெயின் எங்களிட்ட வரேக்கயே நிரம்பிப் போய்த்தான் வரும், நாங்கள் கடைசியாப் போய் வாசலில ஒட்டிக்கொள்ளுறது. ஒன்பதரை பத்துக்குப் போற ட்ரெயினும் ஏழரைக்குப் போற ட்ரெயினும் பேருக்குத்தான் ஒண்டு. ஒபிஸ் நேரத்தை ஒரு மணித்தியாலம் தள்ளி வைக்க ஏலும் எண்டா பயணத்தில பாதிப் பிரச்சினை முடிஞ்சுது, வேற ஒண்டும் மாத்தத் தேவையில்லை. இதை எத்தினையோ மனேஜர்மார் கொரோனா முடிஞ்ச கையோட மறந்து போனது எனக்கு இண்டைக்கும் கவலை.

ஓட்டோ. அம்மாவுக்கு கிளினிக் இருந்தது, எழுவது தாண்டின ஆள், அவவை பஸ்ஸில ஏத்த எனக்கு மனம் வரேல்ல. ஓட்டோ எண்டா ரெண்டு பக்கமும் திறந்தது, ஒரு ட்ரைவர், அவ்வளவுதான். கொரோனாவுக்கெண்டே செய்த வாகனம் மாதிரி. ஆனா அந்த நேரம் கனபேர் ட்ரைவருக்கும் பின்சீற்றுக்கும் நடுவில தடிச்ச பிளாஸ்டிக் ஷீற் ஒண்டைக் கட்டினவை, முன்னுக்கு இருந்து வாற காத்தும் அதோட நிண்டு போச்சு. மழைக்குப் பக்கத் திரையையும் இறக்கி விட்டா அது ஒரு சின்னப் பெட்டி. நான் ஒரு பக்கத் திரையை எண்டாலும் அரைவாசி சுருட்டச் சொல்லுவன், அம்மாவின்ர சேலைக் கரை நனையும், பரவாயில்லை எண்டு அவவும் சொல்லிப் போட்டா. ஓட்டோ அண்ணைமார் ஒருத்தரும் மறுத்ததில்லை. அவையளுக்கும் அதே பயம்தான், ஒரு நாளைக்குப் பதினைஞ்சு இருவது வீட்டு ஆக்களை ஏத்தி இறக்கிற தொழில், நாங்கள் ஒருக்கா ஏறி இறங்கிறம், அவையள் நாள் முழுக்க அதுக்குள்ளதான்.

காசுதான் பிரச்சினை. வெள்ளவத்தை கோட்டை எண்டு நாளுக்கு ரெண்டு தரம் ஓட்டோவில போனா சம்பளத்தில பெரிய துண்டு போயிடும். போனில கூப்பிடுற பிக்மீ, ஊபரில போட்டா விலை முதலே தெரியும், அது நல்லது, ஆனா மழை வந்தா கூடும், இல்லாட்டி வராது. அதால ஓட்டோவை நான் தினப் பயணத்துக்குச் சொல்ல மாட்டன். வயசானவைக்கு, வருத்தக்காரருக்கு, கைக்குழந்தையோட போற ஆக்களுக்கு அதை விட்டா வேற நல்ல வழியும் இல்லை.

காருக்கு நான் கன நேரம் செலவழிக்கப் போறதில்லை. சொந்தக் காரில தனியாப் போற ஆளுக்கு வருத்தம் தொத்தாது, அது உண்மை. ஆனா கொரோனா நேரம் எங்கட ஒபிஸில நாலு பேர் சேந்து ஒரு காரில வந்தவை, பஸ்ஸுக்குப் பயந்து. யன்னல் பூட்டி, ஏசி போட்டு, தங்களுக்குள்ள தெரிஞ்ச ஆக்கள் எண்டு மாஸ்க்கைக் கழட்டி, ஒரு மணித்தியாலம் கதைச்சுக்கொண்டு. ஒருத்தருக்கு வந்தது, ஒரு கிழமையில நாலு வீட்டுக்கும் போச்சு. தெரிஞ்ச முகம் எண்டு வைரஸ் விட்டு வைக்காது. ஸ்டாஃப் வேனும் இதே கதைதான், நான் போன ஒரு வேனில யன்னலைத் திறப்பம் எண்டு கேட்டதுக்கு ஏசிக்குச் சேத்துத்தானே காசு குடுக்கிறம் எண்டு சனமே சண்டைக்கு வந்தது.

இப்ப ஸ்கூட்டிக்கு வாறன், மச்சானின்ர ஸ்கூட்டிக்கு. வருத்தம் எண்ட ஒரு கண்ணால பாத்தா மோட்டர் சைக்கிளுக்கு மேல ஒண்டும் இல்லை. திறந்த காத்து, தனி ஆள், விரும்பின நேரம் போகலாம். ஒரு பெண் பிள்ளைக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அதை நாங்கள் ஆம்பிளையள் லேசில சொல்ல மாட்டம், சன நெரிசலான பஸ்ஸில கை வைக்கிறவங்கள் இருக்கிறாங்கள். மருமகள் கம்பஸ் போன காலத்தில சேப்டிப் பின்னைக் கையில பிடிச்சுக்கொண்டு போனவள். இதைக் கேட்டாப் பிறகு ஸ்கூட்டி வேண்டாம் எண்டு சொல்ல ஆருக்கும் வாய் வராது, எனக்கும் வரேல்ல. எண்டாலும் மிச்சத்தையும் சொல்லத்தான் வேணும்.

கொரோனாவுக்கு முந்தின வருசங்களில இந்த நாட்டில வருசத்துக்கு மூவாயிரம் பேர் அளவில றோட்டில செத்தவை, அதில ஆகக் கூடினது மோட்டர் சைக்கிள்காரர். வருத்தத்துக்குத் தப்புறதுக்கெண்டு போய் அதை விடப் பழைய ஒரு ஆபத்துக்குள்ள ஏறிறம், அது எங்களுக்குப் பழகிப் போனதால பயம் வாறதில்லை. அடுத்தது காசு. 2020 மார்ச்சில அரசாங்கம் வாகன இறக்குமதியை நிப்பாட்டினது, 2025 பெப்ரவரியிலதான் தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தவை. அந்த நடுவில பழைய ஸ்கூட்டியின்ர விலை ஏறின ஏத்தம் எல்லாருக்கும் தெரியும். என்ர சித்தியின்ர மகன் பஸ்ஸுக்குப் பயந்து 2021இல பழசு ஒண்டை லீசிங்கில எடுத்தவன். அவன் எடுக்கேக்க 92 பெற்றோல் லீற்றர் 137 ரூபாய். 2022 ஜூனில அது 470. விலை ஒரு பக்கம், சாமானே இல்லை, பெற்றோல் செட்டில ரெண்டு நாள் லைனில ஸ்கூட்டியோட படுத்தவன். பிறகு பெற்றோலைப் பங்கிட்டுக் குடுக்க கியூஆர் கோட் முறை வந்து கிழமைக்கு 4 லீற்றர். ஸ்கூட்டி வீட்டில நிக்குது, மாசம் பிறந்தா லீசிங் கட்டவேணும், அவன் திரும்ப 100இலயும் 101இலயும் ஏறித்தான் வேலைக்குப் போனவன், அதுவும் முந்தி மாதிரி இல்லை, டீசல் இல்லாமல் பஸ் குறைஞ்சு, ஏறின பஸ்ஸில மூச்சு விட இடமில்லாமல்.

ஒரு வருசப் பயத்தில எடுத்த முடிவுக்கு அவன் ஐஞ்சு வருசம் தவணை கட்டினவன். மச்சானுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லுறது இதைத்தான்.

சைக்கிளை நான் எடுத்தது 2021இல, அந்த வருசத்துப் பயணத்தடை எல்லாம் தளர்ந்த பிறகு. புறக்கோட்டை டாம் வீதியில ஒரு பழைய லுமாலா, பிரேக் கட்டை ரெண்டும் மாத்தி, சீற்றை உயர்த்தி எடுத்துக்கொண்டு வந்தனான். நாப்பது தாண்டின ஆள் சைக்கிளில ஒபிஸ் போறது எண்டு வீட்டில ஒரே கவலை. ஆனா வெள்ளவத்தையில இருக்கிறவைக்கு ஒரு வரம் இருக்கு, மரைன் ட்ரைவ். காலி றோட்டுக்குள்ள போகாமலே கடலோரமாக் கொள்ளுப்பிட்டி மட்டும் போயிடலாம், பிறகு காலிமுகத்திடல், அங்கால கோட்டை. முதல் கிழமை ஐம்பது நிமிசம் எடுத்தது, ரெண்டாம் மாசம் முப்பத்தைஞ்சு. அதே நேரம் காலமை எட்டு மணிக்குக் காலி றோட்டில பஸ்ஸும் அதைத்தான் எடுக்கும், சில நாள் கூட.

கஷ்டம் இல்லை எண்டு சொல்ல மாட்டன். வேர்வைக்கு ஒரு சேர்ட் மாத்தி வச்சிருக்க வேணும், ஒபிஸில முகம் கழுவ இடம் வேணும். வெள்ளன வெளிக்கிடவேணும், எட்டரைக்குப் பிறகு வெயில் சுடும். உப்புக்காத்து செயினைத் தின்னும், கிழமைக்கு ஒருக்கா எண்ணெய் விடாட்டி மூண்டாம் கிழமை அது செம்மஞ்சளா மாறிக் கீச்சிடத் தொடங்கும், நான் ஞாயிறு பின்னேரம் பழைய பனியன் துண்டால துடைச்சு ஒவ்வொரு கண்ணியா எண்ணெய் விடுவன், அந்த வேலை எனக்குப் பிடிச்சுப் போச்சு. பயம் எண்டு பாத்தா சந்தியளிலதான், பஸ் இடப்பக்கம் வெட்டேக்கயும் ஓட்டோ சட்டெண்டு நிப்பாட்டேக்கயும். கொலம்பியாவில பொகோட்டா எண்ட நகரத்தில 2020இலயே எண்பது கிலோமீட்டர் அளவில தற்காலிக சைக்கிள் பாதை போட்டவை, கூம்பை வச்சு றோட்டைப் பிரிச்சு. அந்த ஊரடங்கு காலத்தில எங்கட றோட்டும் வெறிச்சோடித்தானே கிடந்தது, ஒரு பக்கத்தை ஒதுக்கியிருந்தா இண்டைக்கு எத்தினை பிள்ளையள் அதில போயிருக்குங்கள் எண்டு நினைக்க மனசு அடிச்சுக்கொள்ளும்.

2022இல பெற்றோல் இல்லாமல் போனப்ப கொழும்பு முழுக்க சைக்கிள் தேடினது, விலை கிடுகிடெண்டு ஏறினது. எனக்கு அந்த மாசங்களில ஒரு லைனிலயும் நிக்க வேண்டி வரேல்ல. வருத்தத்துக்கெண்டு எடுத்த ஒண்டு அடுத்த கஷ்டத்துக்கும் கை குடுத்தது சைக்கிள் ஒண்டுதான்.

ஆனா இந்த ஒப்பீட்டை எல்லாம் செய்யிறதுக்கே ஒரு வசதி வேணும். அவிசாவளையில இருந்து களனிவெளி ட்ரெயினில வாற ஆஸ்பத்திரித் துப்புரவுத் தொழிலாளிக்கு சைக்கிள் ஏலாது, ஓட்டோவுக்குக் காசு ஏலாது, வீட்டில இருந்து வேலை செய்யவும் ஏலாது. புறக்கோட்டையில மூட்டை தூக்கிற நாட்டாமிமாரும் அப்பிடித்தான். வசதி உள்ளவை எல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கினா பஸ்ஸில சனம் குறையும், மற்றவைக்கு நல்லம் எண்டு நான் முதல்ல நினைச்சனான். நடந்தது வேற. ஆக்கள் குறைய பஸ்காரனுக்குக் காசு வராது, அவன் ரெண்டு ட்ரிப்பைக் குறைப்பான், மிஞ்சின சனம் அந்தக் குறைஞ்ச பஸ்ஸுக்குள்ள முந்தின மாதிரியே நெரிஞ்சு போகும். றோட்டில காரும் மோட்டர் சைக்கிளும் கூட, அந்த பஸ்ஸும் மெதுவா ஊரும், நெரிசலுக்குள்ள நிக்கிற நேரமும் கூடும். நாங்கள் பயத்தில விட்டிட்டு வந்த இடத்தை இன்னும் கூடாத இடமா ஆக்கிப்போட்டுத்தான் வந்தனாங்கள். அதால கடும் அலை அடிக்கிற மாசங்களில விலகி நிண்டாலும், அலை தணிஞ்ச உடன திரும்ப ஏறவேணும் எண்டுதான் நான் சொல்லுவன், மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, யன்னல் கரையில இருந்துகொண்டு.

மருமகளுக்குச் சொன்ன கணக்கு இதுதான். மழை இல்லாத நாளில சைக்கிள், முதல் மாசம் கிழமைக்கு ரெண்டு நாள் மட்டும், நான் பின்னால வாறன், சந்தியளைப் பழக்கிறன். மிச்ச நாளில ட்ரெயின், சீசன் டிக்கெட் எடு, ஒபிஸில கேட்டு ஒன்பதரைக்கு மாத்த ஏலுமெண்டா மாத்து, காலமை நெரிசலில பெண்டுகள் கூட நிக்கிற பெட்டியாப் பாத்து ஏறு. இரவு பிந்தினா ஓட்டோ, போனில போட்டு நம்பரை அம்மாவுக்கு அனுப்பிப் போட்டு வா. மழை நாளில பூட்டின பஸ்தான் கிடைச்சா மாஸ்க்கைப் போடு, உன்ர பக்கத்து ஷட்டரை நாலு விரல் அளவுக்குத் திற, ஆரும் ஏசினா ஏசட்டும். ஸ்கூட்டியை ஒரு வருசம் கழிச்சு, சம்பளத்தையும் தவணையையும் பக்கத்தில பக்கத்தில எழுதி வச்சுப் பாத்து நீயே முடிவெடு.

மச்சான் இன்னும் முழுசா ஒத்துக்கொள்ளேல்ல. ஆனா நேற்று ஞாயிறு பின்னேரம் வந்து, நான் செயினுக்கு எண்ணெய் விடேக்கப் பக்கத்தில குந்தியிருந்து, இந்தச் சீற்றைப் பிள்ளையின்ர உயரத்துக்கு இறக்க ஏலுமோ எண்டு கேட்டவர். ஸ்பானர் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினனான்.